தன் கையாலேயே கெட்டவன்: கேமுக்குப் பழிவாங்கும் நாயகனை எழுதுவது எப்படி

கேமுக்கென்று நான் எழுதிய முதல் நாயகன் பெயர் காளி. கண்மாய்ப் பாசன ஊர்க்காரன். பெரிய வீட்டு ஆட்கள் அவன் தம்பியைக் கொன்றுவிடுவார்கள். காளி அரிவாளைத் தூக்குவான். ஆறு லெவல் முழுக்க வெட்டிக்கொண்டே போவான். நாங்கள் நாலு பேர், ஒரு மாடி அறை, ஒரு வருட வேலை. முடித்த கையோடு கல்லூரிப் பிள்ளைகள் 12 பேரை வரவழைத்துப் போனைக் கையில் கொடுத்து விளையாடச் சொன்னோம். தம்பி சாகிற கட்சீனை, அதாவது விளையாட்டை நிறுத்திக் கதையைக் காட்டும் காட்சியை, 9 பேர் ஸ்கிப் பண்ணிவிட்டார்கள். அந்த ஒன்றரை நிமிடத்துக்கு மட்டும் நான் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக எழுந்த ஒரு பெண் போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: “இவன் என்ன தப்பு பண்ணான், அண்ணா?”

“ஒரு தப்பும் பண்ணலம்மா. அதுதான் கதையே.”

“ஓ,” என்றாள். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ‘ஓ’ எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. அதுவரை பழிவாங்கும் நாயகன் என்றால் அநியாயம் இழைக்கப்பட்ட நல்லவன் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படிப்பட்டவன்மேல் நமக்கு இரக்கம் வரும். ஆனால் பத்து மணி நேரம் இன்னொருவன் உடம்புக்குள் குடியிருக்க இரக்கம் போதாது. கீழே இருப்பதெல்லாம் அப்புறம் நான் கற்றுக்கொண்டவை. எனக்கு வாத்தியார் ஒரே ஆள்: காட் ஆஃப் வார் தொடரின் க்ராடோஸ். பள்ளிக்கூட நாட்களிலிருந்து பழக்கம்.

பழக்கம் என்றால் கடைப் பழக்கம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் மூன்று பிளேஸ்டேஷன் 2 வைத்திருந்தார் ஒருவர். மணிக்கு 20 ரூபாய். எல்லாருக்கும் சேர்த்து ஒரே மெமரி கார்டு, 8 எம்பி. இன்று நான் சேவ் செய்து வைத்தால் நாளைக்கு எவனாவது மல்யுத்த கேமை அதன்மேல் சேவ் செய்திருப்பான். அதனால் காட் ஆஃப் வாரின் முதல் ஒரு மணி நேரத்தை, அந்தக் கப்பலையும் ஹைட்ரா பாம்பையும், குறைந்தது ஆறு தடவை விளையாடியிருக்கிறேன். மேலே போக முடியவில்லையே என்று அப்போது அழுகை வந்தது. இப்போது பார்த்தால் அதுவே எனக்குப் படிப்பு.

முதலில் ஒரு கேள்வி

காகிதத்தை எடுத்ததும் வில்லனைப் பற்றி எழுதாதீர்கள். ஒரே ஒரு வரி எழுதுங்கள்: அந்தச் சாவு யார் கையால் நடந்தது? பதிலில் உங்கள் நாயகன் கை இல்லையென்றால் அந்தக் காகிதத்தைக் கசக்கிப் போடலாம்.

க்ராடோஸ் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோனியின் சாண்டா மோனிகா ஸ்டுடியோ 2005இல் வெளியிட்ட கேம் அது. இயக்கியவர் டேவிட் ஜாஃபி. க்ராடோஸ் ஸ்பார்ட்டாவின் படைத்தலைவன். ஒரு போரில் எதிரி அரசன் அவனை வீழ்த்தி, சம்மட்டியை ஓங்கும் நேரத்தில் க்ராடோஸ் போர்க்கடவுள் ஏரிஸைக் கூப்பிடுகிறான்: என்னைக் காப்பாற்று, என் உயிர் உனக்கு. ஏரிஸ் காப்பாற்றுகிறான். சங்கிலியோடு இரண்டு கத்திகளைக் கொடுக்கிறான். அந்தச் சங்கிலி முன்கைச் சதையில் வெந்து ஒட்டிக்கொள்கிறது. பிறகு ஒரு நாள், அதீனா என்ற தெய்வத்தை வணங்குகிற ஒரு கிராமத்துக் கோயிலுக்குள் வெறியோடு புகுந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்டுகிறான். வெறி தணிந்து பார்த்தால் காலடியில் மனைவி லிசாண்ட்ராவும் மகள் கலியோப்பியும் கிடக்கிறார்கள். வீட்டில் விட்டு வந்தவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது ஏரிஸின் சூது. வெட்டியது க்ராடோஸ்.

கிரேக்கப் புராணத்தில் ஹெராக்ளீஸும் பெற்ற பிள்ளைகளைக் கொன்றவன்தான். ஆனால் அவனுக்குப் பித்துப்பிடிக்க வைத்தவள் ஹீரா என்ற தெய்வம். அவன் அவனாக இல்லை. க்ராடோஸுக்கு அந்தச் சாக்கில் பாதிதான் கிடைக்கிறது. அந்த வெறி அவனுடைய சொந்தச் சரக்கு. கோயிலுக்குள் போகாதே என்று வாசலில் ஒரு கிழவி எச்சரிக்கிறாள், தட்டிவிட்டுப் போகிறான். சாக்கைப் பாதியாக வெட்டியதுதான் எழுத்தாளர்கள் செய்த கெட்டிக்காரத்தனம். முழுச் சாக்கு இருந்தால் அவன் பாவப்பட்டவன். சாக்கே இல்லையென்றால் வெறும் கொலைகாரன். பாதி இருப்பதால்தான் ஏரிஸைத் துரத்துகிற ஒவ்வொரு நிமிடமும் நமக்கு உள்ளுக்குள் ஒன்று தெரிகிறது: இவன் துரத்துவது ஏரிஸை மட்டுமில்லை.

செய்த பாவம் கண்ணில் படட்டும்

அந்தக் கிழவி சாபம் கொடுக்கிறாள். எரித்த மனைவி மகளின் சாம்பல் அவன் தோலில் ஒட்டிக்கொள்கிறது. க்ராடோஸ் ஏன் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறான் என்று கடையில் நாங்கள் பேசியிருக்கிறோம். யாருக்கும் தெரியாது, பாதிக் கேமைத் தாண்டியவன் யாருமில்லை. தெரிந்த நாளில் அந்த உருவமே மாறிவிட்டது. அத்தனை நாள் ஸ்டைல் என்று நினைத்த நிறம் அவன் குடும்பம்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: குற்றத்தை வசனத்தில் வைக்காதீர்கள், ஆள்மேல் வையுங்கள். காரணத்தை உடனே சொல்லவும் வேண்டாம். கேம் தொடங்கும்போது க்ராடோஸ் ஒரு மலை உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறான். தெய்வங்கள் தன்னைக் கைவிட்டுவிட்டன என்று மட்டும் சொல்கிறான். அங்கிருந்து கதை பின்னால் போகிறது. இவ்வளவு பலசாலி ஏன் குதிக்கிறான் என்ற கேள்வியை வைத்துக்கொண்டே விளையாடுகிறோம். கேள்வி இருக்கிற கட்சீனை யாரும் ஸ்கிப் பண்ணுவதில்லை. நான் காளியின் துக்கத்தை முதல் நிமிடத்திலேயே இலையில் பரிமாறிவிட்டேன். பசிக்காதவனுக்கு எதற்குச் சோறு?

கோபம் விரலுக்கு இறங்கட்டும்

கேம் எழுத வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், நான் உட்பட. கோபத்தை முகத்திலும் வசனத்திலும் காட்டப் பார்ப்போம். விளையாடுகிறவனுக்கோ முகம் அவ்வளவாகத் தெரியாது, பெரும்பாலும் முதுகுதான் தெரியும். அவன் தொட்டு உணர்வது கன்ட்ரோலரை.

க்ராடோஸின் கத்திகளைப் பாருங்கள். சதுரப் பட்டனைத் தட்டினால் சங்கிலி நீண்டு அறை முழுக்கச் சுழல்கிறது. குறிபார்க்க வேண்டாம், பக்கத்தில் போக வேண்டாம். ஆத்திரத்தில் கையை வீசுகிறவன் எப்படி வீசுவானோ அப்படி. கனமான கதவைத் தூக்க ஒரே பட்டனை மடமடவென்று அடிக்க வேண்டும்; அடித்து முடிக்கும்போது உங்கள் முன்கையும் வலிக்கும். சண்டையில் சேர்த்துவைத்த வெறியை அவிழ்த்துவிட கன்ட்ரோலரில் கட்டை விரல்களுக்குக் கீழே இருக்கிற இரண்டு ஸ்டிக்கையும் (எல்3, ஆர்3) ஒரே சமயத்தில் உள்ளே அமுக்க வேண்டும். கை இயல்பாகவே முஷ்டி மாதிரி இறுகும். எங்கள் கடையில் அந்த நேரத்தில் பல்லைக் கடிக்காத பையனே கிடையாது. இதற்கு வசனம் எழுதினவன் யாருமில்லை.

உங்கள் பட்டன்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் அதை அமுக்கும்போது விரல் என்ன உணர்கிறது என்று எழுதுங்கள். காளிக்கு நான் இதைச் செய்து பார்த்தேன். அரிவாள் வீச்சு: ஒரு தட்டு. கதவு திறப்பு: ஒரு தட்டு. தம்பியின் பிணத்தைத் தூக்குவது: ஒரு தட்டு. வெட்கமாக இருந்தது.

கெட்டதைச் செய்ய வைப்பது

பலருக்கு இதில் பயம். நாயகன் கெட்டது செய்தால் விளையாடுகிறவன் வெறுத்துவிடுவானோ என்று. வெறுப்பதில்லை, சரியான அளவில் செய்தால்.

முதல் மணி நேரத்தை ஆறு தடவை ஆடினேன் என்று சொன்னேன் இல்லையா. பெரிய ஹைட்ராவின் தலையை உடைந்த பாய்மரத்தில் குத்தி முடித்ததும் க்ராடோஸ் அதன் வாய்க்குள் இறங்குகிறான். கப்பல் கேப்டன் அங்கே தொண்டையில் தொங்கிக்கொண்டிருக்கிறார். காப்பாற்ற வந்தாயே என்று அவர் நன்றி சொல்கிறார். க்ராடோஸ் அவர் கழுத்தில் கிடக்கும் சாவியைப் பறித்துக்கொண்டு, உனக்காக வரவில்லை என்று சொல்லி ஆளைப் பாம்பின் வயிற்றுக்குள் போட்டுவிடுகிறான். கடையே சிரிக்கும். ஆறு தடவையும் சிரித்தோம். பின்னால் பாதாளத்தில் விழும்போதும் அதே கேப்டன்மேல் ஏறித்தான் க்ராடோஸ் தப்பிக்கிறான். அந்த மனுஷனுக்குச் செத்தும் நிம்மதி இல்லை.

இது சிரிக்க வைக்கிற கெட்டது. அதை வாசலிலேயே வைத்துவிட்டார்கள். சிரித்தபடி உள்ளே வந்துவிடுகிறீர்கள். அதன் பிறகு, ஏரிஸைக் கொல்லும் சக்தியைத் தேடிப் போகிற பண்டோராவின் கோயிலில், ஒரு கூண்டு வருகிறது. கூண்டுக்குள் உயிரோடு ஒரு சிப்பாய். வழி திறக்க அவனை எரித்துப் பலி கொடுக்க வேண்டும். கூண்டைச் சரிவில் மேலே தள்ளிக்கொண்டு போக வேண்டும். நடுவில் எதிரிகள் வருவார்கள். கையை எடுத்தால் கூண்டு சறுக்கிக் கீழே போய்விடும். மறுபடி தள்ள வேண்டும். அவன் கெஞ்சிக்கொண்டே இருக்கிறான். வேறு வழி இருக்குமோ என்று நான் அந்த அறை முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். இல்லை. கடைசியில், எதிரிகள் குறுக்கே வந்த எரிச்சலில், சீக்கிரம் தள்ளி முடித்தால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு. முடித்த பிறகுதான் எரிச்சல் யார்மேல் இருந்தது என்று உறைத்தது.

கட்சீனில் க்ராடோஸ் அவனை எரித்திருந்தால் அது க்ராடோஸின் பாவம். தள்ள வைத்ததால் எனக்கும் அதில் பங்கு. பங்கு இருக்கிற ஆளை விட்டுவிட்டுப் போக முடியாது.

ஒரு எச்சரிக்கை. 2010இல் வந்த மூன்றாம் பாகத்தில் இந்த அளவு தவறியது என்பது என் கருத்து. கடல் தெய்வம் பொசைடனின் அரண்மனையில் சங்கிலியில் கிடக்கும் ஒரு பெண்ணை இழுத்துவந்து கதவு நழுவாமல் இருக்க முட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறான். கூண்டின் நகல்தான் அது. ஆனால் அதில் தயக்கத்துக்கு இடமே வைக்கவில்லை. வெறும் அருவருப்புதான் மிஞ்சியது. அதே பாகத்தின் கடைசியில் தெய்வங்களின் அரசன் ஜீயஸைக் குத்துகிற காட்சி வேறு ரகம். க்ராடோஸின் கண் வழியாகப் பார்க்கிறோம். வட்டப் பட்டனை அமுக்க அமுக்க முஷ்டி விழுகிறது, திரை ரத்தத்தால் மூடிக்கொண்டே வந்து முழுக்கச் சிவப்பாகிவிடுகிறது. இப்போதாவது முடியும் என்று காத்திருக்கிறோம். முடியாது. நீங்கள் நிறுத்தினால்தான் நிற்கும். முதல் தடவை எனக்கு அது தெரியவில்லை. கேம் தொங்கிவிட்டது என்று நினைத்து அடித்துக்கொண்டே இருந்தேன்.

அதே பட்டன்

முதல் பாகத்தில் நான் அதிகம் திருடியது கடைசிச் சண்டையின் நடுவில் வரும் பகுதியிலிருந்து. இதை நான் பார்த்தது வேலைக்குப் போய்ச் சொந்தமாகப் பழைய பிளேஸ்டேஷன் வாங்கிய பிறகு.

ஏரிஸ் க்ராடோஸின் மனதுக்குள் அந்தப் பழைய கோயிலைக் கட்டுகிறான். மனைவியும் மகளும் உயிரோடு நிற்கிறார்கள். அவர்களைக் கொல்லக் கூட்டம் வருகிறது. யார் என்று பார்த்தால் எல்லாம் க்ராடோஸ்கள். அதே வெள்ளைத் தோல், அதே கத்தி. ஒன்றை வெட்டினால் இரண்டு வருகிறது. நடுவில் குடும்பத்தின் உயிர்க்கோடு (எவ்வளவு உயிர் மிச்சம் என்று திரையில் காட்டும் கோடு) குறையும்போது பக்கத்தில் போய் வட்டப் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் க்ராடோஸ் அவர்களைக் கட்டிக்கொள்கிறான். அவன் உயிர்க்கோடு இறங்கி அவர்களுடையது ஏறுகிறது.

அதுவரை பத்து மணி நேரமாக வட்டப் பட்டன் எதற்கு? எதிரியைப் பிடித்துக் கிழிப்பதற்கு. விரல் அதற்குப் பழகியிருக்கிறது. பிடிக்கிற பட்டனை அணைக்கிற பட்டனாக மாற்றிவிட்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. எந்த வசனமும் இல்லாமல்.

அது முடிந்த கையோடு ஏரிஸ் அந்தக் கத்திகளைப் பிய்த்து எடுத்து, அவற்றாலேயே குடும்பத்தை மறுபடி கொல்கிறான். நீங்கள் சதுரத்தைத் தட்டுகிறீர்கள், கையில் ஒன்றுமில்லை.

செய்முறையாகச் சொன்னால்: ஒரு பட்டனுக்கு ஒரு வன்முறையைப் பழக்குங்கள். நன்றாகப் பழகட்டும். பிறகு ஒரே ஒரு முறை, ஒரே ஒரு இடத்தில் அதற்கு எதிரான வேலையைக் கொடுங்கள். இரண்டாவது தடவை செய்தால் வித்தை தெரிந்துவிடும்.

மன்னிப்பு

கொடுக்காதீர்கள். குறைந்தது, கேட்டவுடன் கொடுக்காதீர்கள். ஏரிஸைக் கொன்றதும் தெய்வங்கள் க்ராடோஸின் பாவத்தை மன்னிக்கின்றன. ஆனால் கெட்ட கனவுகளை எடுக்கமாட்டோம் என்கின்றன. அதனால்தான் அவன் குதித்தான்.

2018இல் கோரி பார்லாக் இயக்கத்தில் வந்த கேமில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கிறது. வடதேசத்துக் காடு, தாடி, கோடரி, செத்துப்போன இரண்டாவது மனைவி ஃபே, அம்மாவின் சாம்பலை மலை உச்சிக்கு எடுத்துப் போகிற சின்ன மகன் அட்ரியஸ். மகன் முதுகைத் தட்டிக்கொடுக்க க்ராடோஸ் கையைக் கொண்டுபோவான். தொடும் முன் எடுத்துவிடுவான். இந்தக் கேமைப் பார்த்துவிட்டு, நம்ம நாயகனும் திருந்தட்டும் என்று முதல் பாகத்திலேயே திருத்துகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்தக் கை தயங்குவதற்குப் பின்னால் 13 வருடச் சாவுகள் இருக்கின்றன, அதில் பாதியை நாமே பட்டன் அமுக்கிச் செய்தோம். கடன் வாங்காதவன் எதைத் திருப்பிக் கொடுப்பான்?

அந்தக் கேமில் பழைய கத்திகள் திரும்பி வரும் இடத்தை மட்டும் தனியாக உட்கார்ந்து பாருங்கள். மகனைக் காப்பாற்ற, செத்தவர்களின் உலகமான ஹெல்ஹைமுக்குப் போக வேண்டும். அந்தக் குளிரில் பனிக்கோடரி செல்லாது. க்ராடோஸ் தனியாகப் படகில் வீட்டுக்கு வந்து, தரைக்குக் கீழே துணியில் சுற்றி மறைத்து வைத்ததை எடுக்கிறான். முன்கைக் கட்டை அவிழ்க்கிறான். உள்ளே அந்தப் பழைய தழும்பு. அதீனாவின் உருவம் வந்து, நீ என்றைக்கும் மிருகம்தான் என்கிறது. தெரியும் என்கிறான். ஆனால் இனி உன்னுடைய மிருகம் இல்லை. நான் சோபாவில் எழுந்து நின்றுவிட்டேன், பஸ் ஸ்டாண்ட் மாடிப் பையன் மாதிரி. சதுரப் பட்டன்... இல்லை, இதில் ஆர்1 பட்டன். வீசியதும் அதே சுழற்சி. எனக்குக் கொண்டாட்டம், அவனுக்கு அவமானம். ஒரே திரையில் இரண்டும்.

இன்னும் சில

பெண்களைக் கொன்று நாயகனுக்கு எரிபொருள் ஊற்றுவது இந்தத் தொடரின் பலவீனம். லிசாண்ட்ரா என்ன மாதிரி மனுஷி என்று முதல் பாகம் முடிந்தும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் அறையில் ஓவியம் போடும் அக்கா இதைச் சொல்லித் திட்டினார், நியாயமான திட்டு. சாகப்போகிறவருக்குச் சாவதற்கு முன் ஒரு வேலை, ஒரு கோணல், ஒரு கேலிப் பேச்சாவது கொடுங்கள்.

எதிரி நாயகனைவிடக் கேவலமானவனாக இருந்தாக வேண்டும். இதற்கு மெனக்கெட வேண்டாம், தானாக வரும்.

வசனத்தை எழுதிவிட்டுப் பாதியை வெட்டுங்கள். மீதியில் பாதியை வெட்டுங்கள்.

காளிக்கு என்ன செய்தோம்

தம்பியைப் பெரிய வீட்டு ஆட்கள் கொன்றதை எடுத்தோம். அவர்கள் செய்வது தண்ணீரை அடைப்பது மட்டும். ஆத்திரத்தில் காளி ராத்திரியில் போய்க் கண்மாய் மடையின் ஷட்டரைத் திறந்து அவர்கள் வயலை மூழ்கடிக்கிறான். அந்த வயலோரக் காவல் குடிசையில் தம்பி படுத்திருக்கிறான், கூலிக்குக் காவல் இருக்க வந்தவன். காளிக்குத் தெரியாது.

தம்பியின் சிவப்புத் துண்டைக் காளி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அலைகிறான். ஏன் என்று சொல்வதில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினாலே திரையில் இருக்கிற ஸ்டிக் கனத்த மாதிரி ஆகிவிடும். ஏன் என்று அதையும் சொல்வதில்லை. மூன்றாம் லெவல் முடிவில் ஊர்க்காரர் ஒருவர் வாய்தவறி விஷயத்தைச் சொல்லிவிடுவார். நான்காம் லெவல்தான் அந்த ராத்திரி. தெரிந்த பிறகு, உங்கள் கையால் திறக்க வேண்டும். கட்டை விரலால் திரையில் ஷட்டர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், ஏழு சுற்று. விரலை எடுத்தால் பின்னால் திரும்பிவிடும். கூண்டிலிருந்து திருடியதுதான். மறைக்கவில்லை.

பன்னிரண்டு பேரையும் மறுபடி கூப்பிட முடியவில்லை. 5 பேர் வந்தார்கள். அந்தப் பெண்ணும் வந்தாள். மடைக் காட்சிக்கு வந்ததும் நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தாள். நான்காவது சுற்றில் திரையின் ஓரத்தில் குடிசையும் அரிக்கேன் விளக்கும் தெரியும். விரலை எடுத்துவிட்டாள். சக்கரம் தானாகத் திரும்பி மூடிக்கொண்டது. மறுபடி மூன்று சுற்றுச் சுற்றி மறுபடி எடுத்தாள். குடிசைப் பக்கம் போக முடியுமா என்று காளியை நடக்கவிட்டுப் பார்த்தாள். முடியாது, கரை அங்கேயே முடிகிறது.

“இத நான்தான் திறக்கணுமா, அண்ணா?”

“ஆமா.”

போனைக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். மற்ற நாலு பேரும் ஐந்தாம் லெவலுக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் போனை நிமிர்த்தி, கட்டை விரலைச் சக்கரத்தில் வைத்தாள்.